கை பழகும் இடம்: அழகுக்கலைப் பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியானதும், திருச்சியில் நான் நடத்தும் பார்லருக்குப் புருவம் திருத்திக்கொள்ள வருகிற பெண்களோடு, கையில் வண்ண வண்ணத் துண்டறிக்கைகளை வைத்துக்கொண்டு யோசனை கேட்க வருகிற தாய்மார்களும் சேர்ந்துகொள்வார்கள். முசிறி, துறையூர், அரியலூர், புதுக்கோட்டை என்று பல ஊர்களிலிருந்து வரும் அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, பொண்ணை எந்த அகாடமியில சேர்க்கலாம்?" பெயர் சொல்லிப் பரிந்துரைப்பதை நான் தவிர்த்துவிடுவேன். ஆசிரியர் மாறினால் அதே பெயர்ப் பலகைக்குக் கீழே வேறொரு பள்ளி நடக்கும் என்பது இத்தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பதிலாக, அந்தப் பள்ளிக்குப் போய் ஒரு செய்தியை மட்டும் விசாரித்து வரச் சொல்வேன். அங்கே படிக்கும் பெண், ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மாதத்தில் எத்தனை உண்மையான மனிதர்களின் தலையிலும் முகத்திலும் கை வைக்கிறாள்? இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை சொல்லத் தெரியாத பள்ளியின் மற்ற சிறப்புகளைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் பெரிய பயன் இல்லை.

இதற்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பதற்குக் காரணம், நம் நாட்டில் இத்தொழிலுக்குள் நுழையும் வாசலில் காவல் எதுவும் இல்லாததுதான். அமெரிக்காவில் ஒருவர் பிறர் தலைமுடியை வெட்டிக் கூலி வாங்க வேண்டுமானால், அந்தந்த மாநில வாரியம் வகுத்திருக்கும் பயிற்சி நேரத்தை முடித்து, தேர்வில் தேறி, தன் பெயரில் உரிமம் பெற்றிருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 1,600 மணி நேரமாக இருந்த அந்தப் பயிற்சி, 2022 முதல் 1,000 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. குறைத்த பிறகும் அது ஆயிரம் மணி நேரம். இங்கே கடைக்கு உள்ளாட்சி அமைப்பின் தொழில் உரிமம் வேண்டும். கத்தரி பிடிக்கும் கைக்கு எந்த உரிமமும் வேண்டாம். ஆகவே சான்றிதழ் என்பது வங்கிக் கடனுக்கும் வெளிநாட்டு வேலைக்கும் பயிற்றுநர் பணிக்கும் உதவுகிற ஒரு தாள். அதற்கு அப்பால் அதற்குப் பெரிய பலம் இல்லை. சலூன் உரிமையாளர் வேலை கொடுப்பதற்கு முன் செய்துகாட்டத்தான் சொல்வார். கட்டணமாகச் செலுத்தும் பணத்துக்கு நமக்குக் கிடைப்பது கைப்பழக்கம் ஒன்றுதான் என்றால், அந்தப் பழக்கம் எங்கே, யார் கண்பார்வையில், எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று பார்ப்பதே பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வழி.

இப்படிப் பார்க்கத் தொடங்கினால், நம் ஊரில் பலரும் எண்ணிப்பார்க்காமல் கடந்து போகிற ஐ.டி.ஐ. முதலில் வந்து நிற்கிறது. ஐ.டி.ஐ. என்றால் ஃபிட்டரும் வெல்டரும்தான் என்று நினைக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் தேறியவர்கள் சேரக்கூடிய காஸ்மெட்டாலஜி என்ற ஓராண்டுத் தொழிற்பிரிவும் அங்கே உண்டு. மத்திய அரசின் பாடத்திட்டப்படி அது 1,200 மணி நேரப் படிப்பு; அதில் 840 மணி நேரம் செய்முறை, 240 மணி நேரம் தொழிற்கோட்பாடு, 120 மணி நேரம் பேச்சு, கணினி, பணியிட நடத்தை போன்ற வேலைவாய்ப்புத் திறன்கள். இதற்கு மேல் 150 மணி நேரம் வெளியே ஒரு நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி. இறுதியில் அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதித் தேறினால் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். தமிழ்நாட்டின் அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும், மிதிவண்டியும், பேருந்துப் பயண அட்டையும், சீருடையும் கொடுக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வரும் மாணவியருக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் 1,000 ரூபாயும் உண்டு. அதாவது ஒரு பெண் 840 மணி நேரம் செய்முறை பழகுவதற்கு அரசு அவளுக்குப் பணம் கொடுக்கிறது. தனியார் அகாடமியில் மூன்று மாதப் படிப்புக்கு ஐம்பதாயிரம் கேட்கும்போது, அந்த மூன்று மாதத்தில் எத்தனை மணி நேரம் செய்முறை என்று கேட்டு வகுத்துப் பார்த்தால், இந்த ஏற்பாட்டின் அருமை விளங்கும்.

குறைகளும் இருக்கின்றன. இந்தத் தொழிற்பிரிவு எல்லா ஐ.டி.ஐ.யிலும் இல்லை, மகளிர் ஐ.டி.ஐ.க்களில் தேடுவது நல்லது. ஒரு பிரிவில் 24 பேர் இருப்பார்கள், எனவே ஒருவர் மீது ஆசிரியரின் கண் எப்போதும் இருக்காது. பொருள்கள் வாங்கும் நிதி அரசு நடைமுறைப்படி வருவதால், சந்தையில் புதிதாக வந்திருக்கும் கெரட்டின், பொட்டாக்ஸ் என்ற பெயர்களில் விற்கப்படும் முடிச் சிகிச்சைகளை அங்கே தொட்டுப் பார்க்கும் வாய்ப்புக் குறைவு. ஆனால் அந்தப் புதுப் பொருள்களை எந்த நிறுவனமும் தன் விற்பனைக்காக ஒரு நாளில் கற்றுக்கொடுத்துவிடும். முடியைப் பகுதி பிரித்துக் கிளிப் போடுவதையும், கத்தரியைச் சாய்வாகப் பிடிப்பதையும், வாக்ஸின் சூட்டை மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பதையும் ஒரு நாளில் கற்றுக்கொடுக்க யாராலும் முடியாது. ஐ.டி.ஐ.யில் படித்து வந்த பெண்கள் என்னிடம் வேலைக்குச் சேர்ந்தபோது பேச்சில் சற்றுத் தயங்கினார்கள், கை தயங்கவில்லை.

ஓராண்டு செலவிட முடியாதவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களை வங்கிகள் நடத்துகின்றன. 1982இல் கர்நாடகத்தின் உஜிரெ என்ற சிற்றூரில் தர்மஸ்தலா அறக்கட்டளையும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய முயற்சியின் வழிவந்தவை இவை. இன்று மாவட்டத்துக்கு ஒன்று என்ற அளவில் இருக்கின்றன. கிராமப்புறத்தவருக்குச் சுமார் ஒரு மாதம் உணவும் தங்குமிடமும் சேர்த்து இலவசமாகப் பார்லர் தொழில் கற்றுக்கொடுத்து, கடன் வாங்கித் தொழில் தொடங்கும்வரை தொடர்ந்து விசாரிக்கிறார்கள். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் குறுகிய காலப் படிப்புகளும், தாட்கோ அவ்வப்போது அறிவிக்கும் பட்டியலின, பழங்குடி இளைஞர்களுக்கான பயிற்சிகளும் இதே வகையைச் சேர்ந்தவை. வீட்டின் முன்னறையில் இரண்டு நாற்காலி போட்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் திரெடிங்கும் ஃபேஷியலும் செய்ய நினைக்கும் முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இது போதும். பதினெட்டு வயதில் இதையே வாழ்நாள் தொழிலாகக் கொள்ள நினைப்பவளுக்கு ஒரு மாதம் எந்த மூலைக்கும் காணாது.

இனித் தனியார் அகாடமிகள். சலூன் சங்கிலி நிறுவனங்கள் தமக்கு ஆள் தேவைப்படுவதால் தாமே நடத்தும் பயிற்சிப் பள்ளிகள் ஒரு வகை. நேச்சுரல்ஸ், கிரீன் டிரெண்ட்ஸ் போன்று சென்னையில் தொடங்கிய நிறுவனங்கள் தமிழ்நாடெங்கும் கிளை பரப்பியிருப்பதால், இவ்வகைப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு வேலை தேடும் சிரமம் குறைவு. ஆனால் அந்த நிறுவனத்தின் முறையும் அதன் பொருள்களும் மட்டுமே பழக்கமாகிவிடும். அனுபவம் மிக்க அழகுக்கலைஞர் ஒருவர் தம் பார்லரின் மாடியில் நடத்தும் பள்ளி இரண்டாவது வகை. நல்லவர் கையில் இதைவிடச் சிறந்த படிப்பு இல்லை, பொருந்தாதவர் கையில் இது சம்பளமில்லா உதவியாளர் பிடிக்கும் ஏற்பாடு. வெளிநாட்டுச் சான்றிதழுக்குத் தயார்செய்யும் பள்ளிகள் மூன்றாவது வகை. 1946இல் தோன்றி இன்று சூரிச்சைத் தலைமையிடமாகக் கொண்ட சிடெஸ்கோ என்ற பன்னாட்டு அழகுக்கலை அமைப்பின் டிப்ளமோவுக்கு உலகம் முழுவதும் மதிப்பு இருக்கிறது. அதற்கு 1,200 மணி நேரப் பயிற்சி வேண்டும். அந்தப் பெயரைத் துண்டறிக்கையில் போட்டுவிட்டு மூன்று மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறவரிடம் அந்த 1,200 மணி நேரம் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும்.

வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் தாள்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெற்றோர் மயங்கும் இடம் அதுதான். "அரசு அங்கீகாரம் பெற்றது" என்று எழுதியிருக்கும். எந்த அரசு, எந்த அலுவலகம், எந்தப் படிப்புக்கு என்று எழுதியிருக்காது. நெருங்கிப் படித்தால் அது பெரும்பாலும் சிறு, குறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவாக இருக்கும். 2020 ஜூலையில் வந்த இந்தப் பதிவை ஆதார் எண்ணைக் கொண்டு யாரும் கட்டணமின்றி இணையத்தில் செய்துகொள்ளலாம்; ஊறுகாய் போடும் நிறுவனத்துக்கும் இதே தாள்தான் கிடைக்கும். அடுத்ததாக ஐ.எஸ்.ஓ. 9001. அது நிர்வாக முறைக்கான தரச்சான்று. முடி வெட்டக் கற்றுக்கொடுக்கும் தரத்தை அது அளக்கவில்லை. கம்பெனிச் சட்டப் பதிவும் அறக்கட்டளைப் பதிவும் அவ்வாறே. படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இரண்டு இடங்கள் போதும். ஐ.டி.ஐ. என்றால் என்.சி.வி.டி. எனப்படும் தேசியத் தொழிற்பயிற்சி மன்றத்தின் இணைவு அந்தத் தொழிற்பிரிவுக்கு இருக்கிறதா என்பதை இணையத்தில் நிறுவனத்தின் பெயரைக் கொண்டே பார்க்கலாம். குறுகிய காலப் படிப்பு என்றால் அழகு, நலவாழ்வுத் துறைக்கான திறன் மன்றத்தின் எந்தப் பணிப்பிரிவுக்கு அது ஒத்திருக்கிறது, தேர்வு வைப்பவர் வெளியாளா என்று கேட்க வேண்டும். கற்றுக்கொடுத்தவரே தேர்வும் வைத்துச் சான்றிதழும் அச்சடித்துக் கொடுக்கும் இடத்தில் யாரும் தோற்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பள்ளியை நேரில் பார்க்கப் போகிறவர்கள், வகுப்பு நடந்துகொண்டிருக்கும் வேளையில் சொல்லாமல் போக வேண்டும். ஆலோசகர் என்று ஒருவர் குளிரூட்டிய அறையில் உட்கார வைத்து, இன்றே பணம் கட்டினால் தள்ளுபடி என்று பேசத் தொடங்குவார். அவரிடம் பணிவாக, செய்முறை நடக்கும் அறையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். அங்கே மாணவிகள் டம்மித் தலைகளோடு மட்டும் உட்கார்ந்திருக்கிறார்களா, மனிதர்களுக்கு வேலை செய்கிறார்களா என்று கவனியுங்கள். டம்மித் தலை தும்முவதில்லை, வாக்ஸ் துணியை இழுக்கும்போது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதில்லை, "இவ்வளவு குட்டையாவா வெட்டச் சொன்னேன்?" என்று அழுவதும் இல்லை. மாணவிகளைக் கொண்டு குறைந்த கட்டணத்தில் பொதுமக்களுக்குச் சேவை செய்யும் சலூன் ஒன்று பள்ளியோடு சேர்ந்திருந்தால், அதைப் போன்ற நற்செய்தி வேறில்லை. அப்படி இல்லாத இடங்களில் மாடல்களை மாணவிகளே அழைத்து வர வேண்டும் என்பார்கள். சேரும்போது இது சின்ன விஷயமாகத் தெரியும். அரியலூரிலிருந்து வந்து திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்ணுக்கு இந்த ஊரில் யாரைத் தெரியும்? தலைமுடியை வெட்டக் கொடுக்க யார் முன்வருவார்கள்? கடைசியில் வகுப்பில் இருப்பவர்களே ஒருவருக்கொருவர் திரும்பத் திரும்ப மாடலாகி, மாதக் கடைசியில் புருவமே இல்லாத பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரே வயது, ஒரே மாதிரியான தோல்; ஐம்பது வயதுப் பெண்ணின் தளர்ந்த இமையில் நூலைப் பிடிப்பது எப்படி என்று அவர்களில் யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை.

அந்த அறையில் சுகாதாரத்தைக் கவனிக்க நிபுணத்துவம் தேவையில்லை. சீப்புகளும் கத்தரிகளும் கழுவப்பட்டுக் கிருமிநாசினியில் முழுவதும் மூழ்கியிருக்கின்றனவா? நீல விளக்கு எரியும் புற ஊதாப் பெட்டிக்குள் முடி ஒட்டிய சீப்பு இருந்தால், அந்தப் பெட்டி அலங்காரப் பொருள். ஒளி படாத இடத்தில் கிருமி சாவதில்லை, கழுவிச் சுத்தம் செய்த கருவிகளை வைத்துக்கொள்ளத்தான் அது உதவும். வாக்ஸ் பாத்திரத்தில் ஒரே கரண்டியை உடம்புக்கும் பாத்திரத்துக்கும் மாறி மாறி விடுகிறார்களா? திரெடிங் செய்யும்போது நூலின் முனையைப் பல்லில் கடித்துக்கொள்கிறார்களா, கழுத்தில் சுற்றிக்கொள்கிறார்களா? வாயில் கடிப்பது நம்மிடையே நெடுநாள் வழக்கம்தான். ஆனால் இன்று கற்பவளுக்குக் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் முறையையே முதல் நாளிலிருந்து பழக்க வேண்டும். பழகிய கையை மாற்றுவது பெரும்பாடு.

ஆசிரியரிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால், தாராளமாகக் கேள்வி கேட்கலாம். முடிக்கு வண்ணம் போடும்போது கலக்கும் டெவலப்பர் புட்டியில் 20 வால்யூம் என்று போட்டிருக்கிறதே, அது என்ன என்று கேளுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு 6 சதவீதம், 30 என்றால் 9, 40 என்றால் 12, இன்ன முடிக்கு இன்னது போதும் என்று அவர் சொல்லத் தொடங்கினால் நல்ல கையில் சேர்க்கப் போகிறீர்கள். "அதெல்லாம் புட்டியிலேயே போட்டிருக்கும்" என்றால் அவருக்கும் அவ்வளவுதான் தெரியும். கறுப்புச் சாயத்தில் இருக்கும் பி.பி.டி. என்ற வேதிப்பொருள் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். அதனால் 48 மணி நேரத்துக்கு முன்பே காதுக்குப் பின்னால் சிறிது தடவிப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த மாணவியும் சாயக் கிண்ணத்தைத் தொடக்கூடாது என்று விதி வைத்திருக்கும் பள்ளியை நம்பலாம். தலை அலசும் தொட்டியில் வாடிக்கையாளரின் கழுத்தை எப்படித் தாங்க வேண்டும் என்பதும் கேட்கத் தகுந்ததே. கழுத்து நெடுநேரம் பின்னோக்கி வளைந்திருப்பதால் மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் பாதிக்கப்பட்டுப் பக்கவாதம் வரக்கூடும் என்று 1993இல் ஓர் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் எழுதினார். அரிதான நிகழ்வுதான், ஆனால் மடித்த துண்டு ஒன்றைக் கழுத்தடியில் வைத்துவிட்டால் தீர்கிற பிரச்சினைக்கு அரிதென்று சாக்குச் சொல்வது அழகல்ல.

நம் நிறத்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். தோல் வெயிலுக்கு எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதை வைத்து 1975இல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் உருவாக்கிய பகுப்பு, இன்றும் அழகுக்கலைப் பாடங்களில் வருகிறது. அதில் வெள்ளைத் தோலுக்கான வகைகளே முதலில் இருந்தன. பழுப்புக்கும் கறுப்புக்குமான வகைகள் பின்னாளில் சேர்க்கப்பட்டன. தமிழ்நாட்டுத் தோல் பெரும்பாலும் அந்தப் பிற்சேர்க்கையை ஒட்டித்தான் வரும். இத்தகைய தோலில் வாக்ஸ் சுட்டாலோ, ப்ளீச் சற்று நேரம் கூடினாலோ, சிவந்து ஆறிப் போவதில்லை. கருத்த தழும்பாகி மாதக்கணக்கில் நிற்கும். இதைத் தெரிந்து கற்றுக்கொடுக்கிறவர்கள் எத்தனை பேர்? மேக்கப் வகுப்புகளில் மாடலாக உட்கார வைக்கப்படும் பெண் பெரும்பாலும் வெளுத்த நிறத்தவளாக இருப்பாள். அகாடமியின் சமூக ஊடகப் பக்கத்திலும் அவளே இருப்பாள். கற்றுக்கொண்டு வருகிறவள் பெரம்பலூரில் ஒரு மாநிறப் பெண்ணுக்கு முகூர்த்த மேக்கப் போட்டால் முகம் சாம்பல் பூத்துக் கழுத்து வேறாகத் தெரியும். ஒரு பள்ளியின் ஃபவுண்டேஷன் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கருமையான சாயல்களின் மூடி திறந்து பயன்படுத்தப்பட்டிருக்கிறதா, முத்திரை உடையாமல் இருக்கிறதா என்பது அந்தப் பள்ளியைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

மணப்பெண் அலங்காரத்துக்கு மட்டுமே நடக்கும் மூன்று நாள், ஐந்து நாள் வகுப்புகளைப் பற்றி அதிகம் கேட்கிறார்கள். ஏற்கெனவே தொழிலில் இருப்பவர் ஒரு புது நுணுக்கத்தைப் பார்த்து வர அவை உதவும். ஒன்றும் அறியாதவர் அங்கே போனால், மேடையில் ஒருவர் மேக்கப் போடுவதைக் காசு கொடுத்து வேடிக்கை பார்த்துவிட்டு வரலாம். வருமானமும் வெளியே தெரிவதைப் போன்று சீரானது அன்று. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து மண்டபத்துக்கு ஓட வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் கைபேசி ஒலிக்காது. அந்த மாதங்களைத் தாண்டுவதற்கு முடி வெட்டும் வேலையும் ஃபேஷியலும் தெரிந்திருக்க வேண்டும். சேலையை முன்கூட்டியே மடித்துத் தேய்த்துக் கொடுக்கும் வேலை இப்போது தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது; அதைக் கற்றுக்கொடுக்கும் பள்ளிகள் இன்னும் மிகக் குறைவு.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். லேசர், ஊசி, முகத்தில் இரத்தக்கூறு செலுத்துதல், முடி மாற்று ஆகியவற்றைப் பத்தாம் வகுப்புப் படித்தவருக்கும் சில வாரங்களில் கற்றுத்தருவதாக விளம்பரம் செய்யும் இடத்துக்குள் காலடி வைக்காதீர்கள். 2016இல் சென்னையில் ஒரு மையத்தில் முடி மாற்றுச் சிகிச்சை செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். முடி மாற்று என்பது பதிவுபெற்ற மருத்துவர் செய்ய வேண்டியது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அப்படிப்பட்ட படிப்பின் சான்றிதழ், அதைச் சுவரில் மாட்டி வைத்துத் தொழில் செய்கிறவருக்கு எதிரான சாட்சியமாகத்தான் ஒரு நாள் பயன்படும்.

பண விவகாரத்தில், துண்டறிக்கையில் சொல்லும் கட்டணம் முழுக் கட்டணமாக இருப்பதில்லை. ஐ.டி.ஐ. படிப்புக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, அகாடமி தானே வகுத்த படிப்புக்கு 18 சதவீதம் சேரும். அதற்கு மேல் கருவிப் பெட்டி, சீருடை, தேர்வுக் கட்டணம், மாடலுக்குப் பயன்படும் பொருள்களின் விலை ஆகியவை இருக்கும். கருவிப் பெட்டியை அவர்களிடமே வாங்க வேண்டும் என்றால், பெட்டியில் என்னென்ன இருக்கும் என்ற பட்டியலை வாங்கி வந்து மொத்தக் கடையில் விலை விசாரியுங்கள். மாதத் தவணையில் கட்டலாம் என்று சொல்லி ஒரு நிதி நிறுவனத்தின் கடன் படிவத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் வந்திருக்கிறது. அந்தக் கடன் உங்களுக்கும் நிதி நிறுவனத்துக்கும் இடையிலானது. வகுப்பு நின்றாலும் ஆசிரியர் போனாலும் தவணை நிற்காது. ஒவ்வொரு பாடம் முடிந்த பிறகும் ஒரு பகுதி செலுத்துவதற்குப் பள்ளி ஒப்புக்கொண்டால் அதுவே நல்ல ஏற்பாடு. "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்ற வரியை எழுத்தில் கேளுங்கள். எழுதிக் கொடுத்தால், எந்த ஊரில், எந்தச் சம்பளத்தில், எத்தனை மாத ஒப்பந்தத்தில் என்பதும் அதில் இருக்கட்டும்.

துபாய், தோஹா என்று சொல்லிச் சேர்க்கிற பள்ளிகளிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதற்கு 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி தனி உரிமம் தேவை. பயிற்சிப் பள்ளி என்பதாலேயே அந்த உரிமை வந்துவிடாது. உரிமம் பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் 30,000 ரூபாயும் அதன் மீதான வரியும் என்ற உச்சவரம்பு இருக்கிறது. 1978 முதல் தமிழ்நாடு அரசே நடத்திவரும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கும்போது, சுற்றுலா விசாவில் போய் வேலை தேடிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் பெண்ணை அனுப்பக் கூடாது.

வீட்டில் எழும் எதிர்ப்பைப் பற்றிப் பேசாமல் இதை எழுதி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. மேக்கப் கற்றுக்கொள்கிறேன் என்றால் சரி என்கிறவர்கள், முடி வெட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றால் முகம் சுளிப்பார்கள். முடி திருத்துவது ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட வேலையாக நெடுங்காலம் இருந்ததும், அந்த வேலையைச் செய்தவர்களை ஊர் நடத்திய விதமும்தான் அந்தச் சுளிப்புக்குக் காரணம். வெளியே யாரும் சொல்வதில்லை. அதே வேலையைக் குளிரூட்டிய அறையில் ஆங்கிலப் பெயரோடு செய்தால் மதிப்பு வந்துவிடுகிறது என்பதும், தலைமுறை தலைமுறையாகக் கத்தரி பிடித்த குடும்பத்துப் பிள்ளைகள் அந்த அறைக்குள் நுழையக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது என்பதும் எனக்கு உறுத்தலாகவே இருக்கின்றன. நான் சந்தித்த ஆசிரியர்களில் கத்தரி வேலையை மிக நுட்பமாகக் கற்றுத்தந்தவர்கள் அத்தகைய குடும்பங்களிலிருந்து வந்த ஆண்கள். ஆண் ஆசிரியர் என்பதற்காக ஒரு பள்ளியை வேண்டாம் என்று சொல்லும் தாய்மார்கள், வகுப்பறைக்குக் கண்ணாடிக் கதவு இருக்கிறதா, உடன் ஒரு பெண் பயிற்றுநர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

காலக்கணக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தனியார் அகாடமியில் எந்த மாதத்திலும் சேரலாம். இடம் நிரம்பிவிட்டது, நாளைக்குள் சொல்லுங்கள் என்பது பெரும்பாலும் விற்பனைப் பேச்சு. அரசு ஐ.டி.ஐ. சேர்க்கை அப்படி அன்று. வேலைவாய்ப்பு, பயிற்சித் துறை கோடையில் இணைய விண்ணப்பத்தைத் திறந்து, குறித்த நாளில் மூடிவிடும். ஆகவே பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றிதழையும் எடுத்து வைத்துக்கொண்டு முதலில் அந்த விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். முடிவு வரும் வரை இருக்கும் இடைவெளியில் உள்ளூர்ப் பார்லர் ஒன்றில் அரை நாள் உட்கார்ந்து பார்க்கப் பெண்ணை அனுப்பலாம். நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்வதும், பிறருடைய கால் நகத்தைக் கையிலெடுப்பதும், பெராக்சைடு வாடையும் தனக்கு ஒத்துவருமா என்று அவள் அங்கேயே தெரிந்துகொள்வாள். பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தால், ஐம்பதாயிரம் மிச்சம்.